யார்டுக்குள் போன ரயில்

பெரியவளே, சின்னவனே, நம்ம வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றி ஓடுகிற ரயிலை நான் வாங்கி வந்த நாளைப் பற்றி உங்களிடம் முழுசாகச் சொன்னதில்லை. காலையில் மாத்தூரில் வாங்கினேன், சாயங்காலம் டூட்டி முடிந்து கொண்டுவந்தேன். உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நடுவில் அந்தப் பகல் முழுக்க, என் வேலை போகப்போகிறது, அதுவும் திருடன் என்ற பேரோடு போகப்போகிறது என்று பயந்துகொண்டே இருந்தேன். அதைத்தான் எழுதுகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. பத்தாவதோடு நின்றவன். தப்பு இருந்தால் திருத்திப் படியுங்கள்.

போன கிறிஸ்துமஸுக்கு மாத்தூரில் அத்தை வீட்டுக்குப் போனோமே, அங்கே பக்கத்துத் தெருவில் ஒருத்தர் தன் வீட்டு வாசலில் குடில் போட்டு, அதைச் சுற்றித் தண்டவாளம் வைத்து ரயில் ஓட்டினார். பெரியவள் அங்கேயே நின்றுவிட்டாள். பிரியாணி ஆறிப்போகிறது என்று அம்மா ரெண்டு தரம் வந்து கூப்பிட்டும் நகரவில்லை. அவருக்கு மணலியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை, ரயில்தான் பொழுதுபோக்கு. இவள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக் கடைசியில் அவரே, "உங்க பொண்ணு என்னை இன்டர்வியூ பண்ணிடுச்சு சார்" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் செருப்பு அட்டைப்பெட்டி எல்லாம் ஸ்டேஷன் ஆனது. நான் வண்ணாரப்பேட்டையில் ஒரு பொம்மைக் கடையில் பேட்டரி போட்ட ரயில் ஒன்றை விலை கேட்டுவிட்டு வந்து சொன்னேன். இவள் முகத்தைச் சுளித்தாள்.

"அது பொம்மைப்பா. இது மாடல்."

"ரெண்டும் ஓடுது இல்ல?"

"அது பேட்டரி தீந்தா நின்னுடும். அதோட டிராக் வேற எதுலயும் சேராது. இதுல தண்டவாளத்துலயே கரன்ட் போவும்ப்பா. அளவு ஒண்ணா கீது, அப்புறமா கொஞ்சம் கொஞ்சமா வாங்கிச் சேத்துக்கலாம்."

புதுசு வாங்க நம்மால் முடியாது என்று அவளுக்கே தெரியும். அதனால் கேட்கவும் இல்லை. இந்த வருஷம் நவம்பர் கடைசியில் அத்தை போன் பண்ணினாள். அந்த ரயில்காரர் பெரிய இன்ஜின் வாங்கப்போகிறாராம், சின்ன செட்டை நம்ம சக்திக்கு ஏற்ற விலையில் தருகிறாராம், ஆனால் அவர் காலை ஷிஃப்டுக்குப் போவதற்கு முன்னால் வரவேண்டுமாம்.

ஆறரை மணிக்கு அவர் வீட்டில் இருந்தேன். ஒரு இன்ஜின், மூன்று கூட்ஸ் வேகன், வட்டமாகச் சேர்க்கிற தண்டவாளம், பிளக்கில் மாட்டுகிற கண்ட்ரோலர். பெரியவள் சொல்லி அனுப்பியபடி முன்னாலும் பின்னாலும் ஓட்டிக் காட்டச் சொன்னேன். ஓடியது. பணத்தைக் கையில் கொடுத்தேன். அவர் எல்லாவற்றையும் பழைய டப்பாவிலேயே அடுக்கிக் கொடுத்தார். டப்பா மேலே ரயில் படமும், எனக்குப் படிக்கத் தெரியாத ஏதோ வெளிநாட்டு எழுத்தும் இருந்தது.

எட்டு மணிக்கு எனக்குக் கண்டெய்னர் யார்டில் டூட்டி. ராயபுரம் போய் நம்ம வீட்டில் வைத்துவிட்டு எண்ணூர் பக்கம் திரும்பி வர நேரம் கிடையாது. டப்பாவை வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு நேராக யார்டுக்குப் போனேன்.

என் தப்பு அங்கேதான் நடந்தது. எங்கள் யார்டில் வெளியிலிருந்து என்ன பொருள் கொண்டுபோனாலும் கேட்டில் இருக்கிற நோட்டில் எழுதி, சீட்டு வாங்க வேண்டும். திரும்பும்போது அந்தச் சீட்டைக் காட்டினால்தான் பொருள் வெளியே போகும். பதினோரு வருஷமாக எனக்குத் தெரிந்த சட்டம். அன்று கேட்டில் டிரெய்லர் வரிசை ரோடு வரைக்கும் நின்றது. செக்யூரிட்டிக்காரர் சடையங்குப்பத்துக்காரர், தினம் டீ குடிக்கிற பழக்கம். நான் டப்பாவைக் காட்டி, "எழுதணும்பா" என்றேன்.

"பின்னாடி லாரிக்காரன் கத்திகினு கீறான். போ மாமு போ, அப்பால எழுதிக்கலாம்."

நானும் போய்விட்டேன். டப்பாவை என் லாக்கரில் நுழைத்துப் பூட்டினேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். கண்டெய்னரைத் திறந்து லோடுமேன்கள் கார்ட்டன்களை ஷெட்டில் இறக்கும்போது வாசலில் நின்று எண்ணுகிறவன். சாக்பீஸால் நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே. அன்று எனக்கு வந்தது பண்டிகைச் சரக்கு. ஸ்டார், சீரியல் பல்பு, பொம்மை. பேப்பரில் நானூற்றுப் பன்னிரண்டு கார்ட்டன் என்று இருந்தது. பதினொரு மணிக்குக் கண்டெய்னர் காலியானது. என் கோடுகள் நானூற்றுப் பதினொன்றோடு நின்றுவிட்டன.

முதலில் பயம் வரவில்லை. எண்ணிக்கை தவறுவது உண்டு. அடுக்கியதைத் திரும்ப எண்ணினேன். நானூற்றுப் பதினொன்று. மூன்றாவது தடவை ஒவ்வொரு அடுக்கையும் கையால் தொட்டு எண்ணினேன். அதேதான். குறைந்தது எந்த வகை என்று பேப்பரில் பார்த்தேன். 'பிளாஸ்டிக் பொம்மை வகை' என்று போட்டிருந்தது.

அப்போதுதான் என் லாக்கர் ஞாபகம் வந்தது.

ஒரு கார்ட்டன் குறைந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கேட்டை அடைப்பார்கள். ஷெட்டில் இருந்த எல்லார் பையையும் லாக்கரையும் திறப்பார்கள். என் லாக்கரில் வெளிநாட்டு எழுத்து போட்ட ஒரு பொம்மை ரயில் டப்பா. நோட்டில் பெயர் இல்லை, சீட்டு இல்லை. எண்ணினவனும் நான்தான்.

சரக்குக்காரர் ஆள் அன்று வரவில்லை. தாளில் கையெழுத்து போடுகிறவன் நான் ஒருத்தன்தான். எண்ணிக்கை சரி என்று எழுதிவிட்டால் இன்று யாரும் எதையும் தேடமாட்டார்கள். குறைவது சரக்குக்காரர் குடோனில்தான் தெரியவரும். அதற்குள் ரயில் நம் வீட்டில் இருக்கும்.

நான் யோசித்தேனா என்று நீங்கள் கேட்பீர்கள். யோசித்தேன். பேனாவை எடுத்து நாலு எழுதினேன், ஒன்று எழுதினேன். கடைசி எண்ணை எழுதாமல் நின்றேன். லோடுமேன் ஒருத்தன், "இன்னா மாமு, பரீட்சையா எழுதுற?" என்று கிண்டல் பண்ணிவிட்டுப் போனான்.

கடைசியில் ஒன்று என்றுதான் எழுதினேன். பெரிய நேர்மை என்று நினைக்காதீர்கள். பொய்யாக எழுதினால் அந்தத் தாள் ஆபீஸில் வருஷக்கணக்காக இருக்கும், அத்தனை வருஷமும் நான் பயந்துகொண்டே இருக்க வேண்டும் என்று தோன்றியது. அதனால் எழுதினேன்.

தாளை எடுத்துக்கொண்டு ஷெட் இன்சார்ஜிடம் போனேன். அவர் தூத்துக்குடிப் பக்கத்து ஆள், கோபம் வந்தால் ஊர்ப்பேச்சு வந்துவிடும். "சார், ஒண்ணு ஷார்ட். இன்னொண்ணும் சொல்லணும். என் லாக்கர்ல ஒரு ரயில் செட் இருக்கு. காலைல வாங்கினது. கேட்ல எழுதல" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்ன வே சொல்லுதீரு? பொம்மை கார்ட்டன் ஒண்ணு காணோம், உம்ம லாக்கர்ல பொம்மை இருக்கு, ரெண்டையும் நீரே வந்து சொல்லுதீரு. நான் இத எப்படி எடுத்துக்கிட?"

டப்பாவை அவர் மேஜைமேல் கொண்டுவந்து வைத்தார்கள். கார்ட்டனை உடைத்து ஒன்றை எடுத்துவிட்டு மிச்சத்தை எங்கே போட்டாய் என்று ஆபீஸில் இருந்த இன்னொருத்தர் கேட்டார். வேறு கார்ட்டனைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள் என்று நான் சொன்னேன். கஸ்டம்ஸ் ஆபீசர் இல்லாமல் திறக்கக் கூடாது, அவர் நாளைக்குத்தான் வருவார் என்றார்கள். டப்பா பழசாக இருக்கிறது பாருங்கள் என்றேன். கப்பலில் வந்தது அடிபட்டுத்தான் வரும் என்றார் அந்த இன்னொருத்தர்.

கேட் செக்யூரிட்டியைக் கூப்பிட்டார்கள். எனக்கு உயிர் வந்தது. அவர் சொன்னால் போதும். அவர் உள்ளே வந்து மேஜையைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"காலைல லைன் ஜாஸ்தி சார். இந்த டப்பாவ நான் பாக்கல."

"ஏம்ப்பா, எழுதணும்னு உன்கிட்டத்தானே சொன்னேன்?"

"நான் பாக்கல மாமு" என்று தரையைப் பார்த்தே சொன்னார். கேமராவில் பார்க்கலாம் என்றால், அந்த நேரத்துக்கு டிரெய்லர் ஒன்று கேமராவை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

மிச்சம் ரயிலை விற்ற மாத்தூர்க்காரர்தான். இன்சார்ஜ் தன் போனில் போட்டார். சுவிட்ச் ஆஃப். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். நெருப்புப் பிடிக்கிற இடம், போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஷிஃப்ட் முடிய நாலு மணி ஆகும். அப்போது மணி பன்னிரண்டு.

"நாலரை வரைக்கும் பாக்கேன். அதுக்கப்புறம் மேல எழுதி அனுப்பித்தான் ஆகணும். போலீஸ் ஸ்டேஷன்லயும் கேப்பாங்க" என்றார் இன்சார்ஜ்.

ஆபீஸ் வெளியே ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அந்த நாலு மணி நேரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சாப்பாட்டைத் திறந்தேன், மூடினேன். என் இடத்தில் வேறு ஆள் நின்று எண்ணிக்கொண்டிருந்தான். அவன் கோடு போடுகிற சாக்பீஸ் சத்தம்கூடக் கேட்டது. போகிறவன் வருகிறவன் எல்லாம், "மாமு, ரயிலு எத்தினி மணிக்குக் கெளம்புது?" என்று கேட்டான். ஒருத்தன் மட்டும் ஒன்றும் கேட்காமல் ஒரு டீயை வைத்துவிட்டுப் போனான். அது இன்னும் பயமாக இருந்தது. சாவு வீட்டில்தான் அப்படி வைப்பார்கள்.

அம்மாவிடம் என்ன சொல்வது? ஸ்கூலில் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? நம்ம தெருவில் ஸ்டார் கட்டிக்கொண்டிருக்கும்போது போலீஸ் வந்து நின்றால்? மாத்தூர்க்காரரே பயந்துபோய், எனக்கெதற்கு வம்பு, நான் விற்கவே இல்லை என்று சொல்லிவிட்டால்? செக்யூரிட்டி சொன்னாரே, அப்படி? இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தேன்.

நாலு பத்துக்கு இன்சார்ஜ் மறுபடி போட்டதில் லைன் கிடைத்தது. என்னை உள்ளே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார்.

"ஆமா சார், நான்தான் வித்தேன். காலைல ஆறரைக்கு" என்றார் மாத்தூர்க்காரர்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்சார்ஜ் கையை உயர்த்தினார். "பொறும். ரெண்டு பேரும் முன்னாலயே பேசி வெச்சிருக்கலாம்லா. சார், ஒண்ணு கேக்கேன். அந்த செட்ல, உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச அடையாளம், இவருக்குத் தெரியாதது, ஏதாச்சும் உண்டா?"

மாத்தூர்க்காரர் குரல் தணிந்தது.

"சார், அவரு பக்கத்துல கீறாரா?"

"இருக்காரு. சொல்லுங்க."

"அது வந்து… தப்பா நெனச்சுக்காதீங்க."

"என்ன வே, இங்க ஒரு மனுசன் வேலை போகப்போகுது. சொல்லும்!"

"மூணாவது வேகன் சார். சிவப்பு. அதோட கொக்கி உடைஞ்சிடுச்சு. என் வொய்ஃப் ஹேர்பின்ன வளைச்சு, பசை போட்டு ஒட்டி, மேல கறுப்பு பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கேன். சொன்னா வாங்க மாட்டாருன்னு சொல்லல. ப்ரதர், சாரி ப்ரதர், நூறு ரூபா திருப்பிக் குடுத்துடறேன்."

இன்சார்ஜ் சிவப்பு வேகனை எடுத்துக் கவிழ்த்தார். நகத்தால் கொக்கியைச் சுரண்டினார். கறுப்பு உதிர்ந்தது. உள்ளே ஹேர்பின்.

அப்புறம் அவர் வேகனை டப்பாவில் வைத்து மூடி என் பக்கம் தள்ளினார். "நல்லா ஏமாந்திருக்கீரு வே. வீட்டுக்குப் போம்" என்றார். தாளில் நான் எழுதிய எண்ணுக்குக் கீழே தானும் கையெழுத்து போட்டார். அந்த ஒரு கார்ட்டன் என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கப்பலில் ஏறும்போதே குறைந்திருக்கும் என்கிறார்கள். ஷெட்டில் இருந்த யாரோ எடுத்தார்கள் என்றும் சொல்கிறார்கள். சொல்லும்போது சில பேர் இன்னும் என்னை ஒரு பார்வை பார்க்கிறார்கள்.

உங்களுக்குப் புத்தி சொல்லலாம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். ஆனால் இதில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். மாத்தூர்க்காரர் காலையிலேயே கொக்கி உடைந்ததை என்னிடம் சொல்லியிருந்தால், அது எனக்கும் தெரிந்த அடையாளம் ஆகியிருக்கும், சாயங்காலம் சாட்சிக்கு ஆகியிருக்காது. அவர் மறைத்ததால் நான் தப்பித்தேன். அதற்காக மறைப்பது நல்லது என்று உங்களிடம் சொல்ல முடியுமா? முடியாது. இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நூறு ரூபாயை நான் வாங்கவில்லை.

செக்யூரிட்டிக்காரர் அன்று சாயங்காலம் கேட்டில் என்னைப் பார்த்து, "என்னுதும் கான்ட்ராக்ட் வேலைதான் மாமு. நோட்டுல ஒண்ணு எழுதலன்னாலும் வேலைய விட்டுத் தூக்கிடுவான்" என்று மட்டும் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த முகத்தில் இருந்த பயம் மத்தியானம் முழுக்க எனக்கு இருந்த அதே பயம்தான். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையிலும் டிரெய்லர் வரிசை நீளமாக இருந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, நோட்டை வாங்கி, என் பெயரை எழுதி, பொருள் என்கிற இடத்தில் 'சாப்பாட்டு கேரியர் ஒன்று, குடை ஒன்று' என்று எழுதினேன்.

"இத்தெல்லாமா எழுதுவாங்க?" என்றார் செக்யூரிட்டிக்காரர்.

"சீட்டுக் குடு" என்றேன். பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். சீட்டு கைக்கு வரும்வரை நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.