மாவறத்தலை விடுபட்ட படம்

1947 ஜூலை முதல் வாரத்தில் ராஜையனுக்குப் புதிய வேலை ஒன்று வந்தது. திருவனந்தபுரத்தில் நில அளவைப் படங்கள் வரையும் சர்க்கார் அலுவலகம் ஒன்றில் அவர் டிராப்ட்ஸ்மேன். திருவிதாங்கூரைத் தனி நாடாகக் காட்டி ஒரு பெரிய சுவர்ப்படம் வரையச் சொன்னார்கள். வெள்ளைக்காரன் போன பிறகு திருவிதாங்கூர் யாரோடும் சேராது, தானே ஒரு நாடாக நிற்கும் என்று திவான் அறிவித்திருந்த சமயம் அது.

"மலைக்கு அந்தப் பக்கம் என்ன நிறம் குடுக்கணும் சார்?" என்று ராஜையன் கேட்டார்.

தலைமை டிராப்ட்ஸ்மேன் சாம்பசிவன் மூக்குக்கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் வேண்டாம்ங்கறா. வெள்ளையா விட்டுடும் ஓய். அந்தண்டை எவன் இருந்தா நமக்கென்ன?"

பன்னிரண்டு நாள் வேலை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் திருநெல்வேலி இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. படம் முடிந்து சரியாக இரண்டு வாரம் ஆகவில்லை, மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்துவிட்டார் என்ற செய்தி வந்தது. சுவர்ப்படத்தைச் சுருட்டி பீரோவுக்கு மேல் எறிந்தார்கள். அடுத்து வரைந்த படத்தில் இமயம் முதல் குமரி முனை வரை ஒரே நிறம். தெற்கு மூலையில் அந்த நிறத்தைப் பூசியதும் ராஜையன்தான். அன்று சாயங்காலம் கரமனையில் இருந்த வாடகை வீட்டுக்குத் துள்ளலாக வந்தார்.

"இனி நம்மள ஆரும் பாண்டின்னு கூப்பிட முடியாது, கேட்டியா? பாண்டியும் நம்ம நாடுதான் இப்ப" என்று மனைவி சரசம்மாவிடம் சொன்னார்.

"நீங்க சாயம் அடிச்சா மனுசன் மாறிருவானாக்கும்" என்றாள் அவள். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அலுவலகத்தில் அவரைப் பாண்டி, அதாவது மலைக்கு அந்தப் பக்கத்துத் தமிழன், என்று அழைப்பவர்கள் பகையோடு அழைக்கவில்லை. அப்படியே பழகிவிட்டது. அவருடைய பாட்டன் பூட்டன் எல்லோரும் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கு வரி கட்டியவர்கள்தான். ஊர் மாவறத்தலை, நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தென்கோடி. பாறசாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடக்க வேண்டும். ஊருக்குத் தெற்கே ஓர் ஓடை. தோடு என்று சொல்வார்கள். தோட்டைத் தாண்டினால் விளவங்கோடு தாலுகா. இந்தக் கரையிலும் தமிழ்தான், அந்தக் கரையிலும் தமிழ்தான். கல்யாணம், கருமாதி, சர்ச் எல்லாமே தோட்டைக் கடந்து நடந்தன.

அப்பா பனையேறி. மிஷன் பள்ளிக்கூடத்தில் ராஜையனின் கைத்திறமையைக் கண்டு அவரைப் படம் வரையும் படிப்புக்கு அனுப்பினார்கள். 1926இல் வேலை கிடைத்தது. மலையாளம், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் படத்தில் பெயர் எழுதத் தெரிந்தவர் அந்த அலுவலகத்தில் அவர் ஒருவரே. அவர் தமிழ் எழுத்தைப் பார்த்து, அச்சில் வார்த்தது என்று நினைத்தவர்கள் உண்டு. தம்பி சற்குணம் ஊரிலேயே இருந்து வாழையும் மரச்சீனிக் கிழங்கும் பயிரிட்டான். அண்ணன்மேல் அவனுக்கு உயிர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாழைக்குலையும் கருப்பட்டியுமாகக் கரமனைக்கு வந்துவிடுவான்.

1948இல் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த ஆட்சி வந்தது. அந்த வருஷ மழையில் தோட்டின் கரை உடைந்து சற்குணத்தின் வாழை முழுகியது. கரையைக் கட்டித் தரும்படி ஒரு மனு எழுதிப் போட்டான். ஒரு மாதம் கழித்து அது அவனிடமே திரும்பி வந்தது. அதை எடுத்துக்கொண்டு நேரே கரமனைக்கு வந்து நின்றான்.

"மலையாளத்தில எழுதிக் கொண்டு வரணுமாம் அண்ணா. மகாராசா ஆண்டப்போ தமிழில எழுதுன மனுவ வாங்குனாவ. நம்ம ஓட்டு வாங்குனவனுக்கு நம்ம எழுத்து வேண்டாமாம்."

ராஜையனே உட்கார்ந்து மலையாளத்தில் எழுதிக் கொடுத்தார். சற்குணம் அதை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனான். தெற்குத் தாலுகாக்களைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த ஒரு கமிட்டியில் அந்த வாரமே சேர்ந்தான்.

1949 ஆரம்பத்தில் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகப் போகின்றன என்று உறுதியாயிற்று. கமிட்டிக்கு அவசரம். நாகர்கோவில் வக்கீல் அருமைநாயகத்தை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சற்குணம் வந்தான். அவன் இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது. ஓர் ஊர்வலத்தில் லத்தி அடி வாங்கி எலும்பு முறிந்திருந்தது.

வக்கீல் சுற்றி வளைக்கவில்லை. "டெல்லிக்கு மனு போகுது. வாய்ச்சொல்லை அங்க ஆரும் நம்பமாட்டான். ஊர் ஊரா எல்லை போட்டு, எங்கெங்க தமிழ் பேசுறாங்கன்னு காட்டுற படம் ஒண்ணு வேணும். அதை உங்க கைதான் வரையணும்."

"நான் சர்க்கார் சம்பளம் வாங்குறவன் சார்."

"உங்க பேரு எங்கயும் வராது. அது எனக்க பொறுப்பு."

"மாவறத்தலை அதில இருக்குமா?" என்று சற்குணம் கேட்டான்.

"மாவறத்தலை இல்லாம படமே கிடையாது" என்றார் வக்கீல்.

அவர்கள் போனதும் சரசம்மா வாசலில் வந்து நின்றாள். "வேண்டாம். இருபத்து மூணு வருசம் ஆச்சு நீங்க அந்த வேலைக்குப் போயி. பிள்ளைக்குப் படிப்பு முடியல. தம்பி கையில கட்டோட வந்து நின்னா ஒடனே உருகணுமா?"

ராஜையன் மறுநாளே சாலைக் கடைத்தெருவில் டிரேசிங் துணியும் இண்டியன் இங்க்கும் வாங்கி வந்தார். தாலுகா எல்லைகள் அவருக்கு மனப்பாடம். கிராம எல்லைகளுக்கு மட்டும் அலுவலகத் தாள் வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை மூன்று தாள்களைச் சட்டைக்குள் மடித்து வைத்து எடுத்து வந்து, எல்லைகளை நகலெடுத்துக்கொண்டு, திங்களன்று திரும்ப வைத்துவிட்டார். ஆராதனை முடிந்து வந்து ஞாயிறு ஞாயிறாக வரைந்தார். அலுவலகத்தில் இத்தனை வருஷம் யாருடைய நாட்டையோ வரைந்தவர், இதில் தன் ஊரின் பெயரை எழுதும்போது இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தெற்கு ஓரத்தில் ஒன்பது ஊர்களைச் சேர்த்து எல்லைக்கோடு போட்டார். மாவறத்தலைக்கு வடக்கே அந்தக் கோடு ஓடியது.

படத்தைப் பிளாக் எடுத்து ஒரு சிறு புத்தகத்தில் அச்சிட்டார்கள். மே மாதம் அந்தப் புத்தகத்தின் பிரதி ஒன்று அலுவலகத்துக்கு வந்தது. கிராம எல்லைகள் அலுவலகத் தாளோடு மயிரிழை பிசகாமல் பொருந்தின. மேலதிகாரி மாதவக் குறுப்பு சாம்பசிவனைக் கூப்பிட்டுக் கேட்டார். சாம்பசிவன் புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். குழித்துறை என்ற பெயரில் இருந்த 'ழ'வின் வாலை விரலால் தொட்டார்.

"வாலை இப்படி இழுக்கறவர் இந்த ஊரிலே ஒருத்தர்தான்" என்றார்.

அடுத்து ராஜையனைக் கூப்பிட்டார்கள்.

"ராஜையா, இது நிங்ஙள் வரச்சதாணோ?" என்று குறுப்பு மலையாளத்தில் கேட்டார். கேட்ட விதத்தில், தான் வரைந்ததல்ல என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாரா என்ற எதிர்பார்ப்பு இருந்தது.

"ஆமா சார்" என்றார் ராஜையன்.

ஜூன் கடைசியில் வேலை போயிற்று. பென்ஷனும் கிடையாது என்று உத்தரவில் எழுதியிருந்தது. தன் மேசையில் இருந்த ரூலிங் பேனாவையும் காம்பஸ் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது கேட்டருகே சாம்பசிவன் நின்றுகொண்டிருந்தார்.

"ஓய், என்மேலே கோவமா?"

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம் சார்."

"சொல்லியிருக்கலாம்" என்றார் சாம்பசிவன். சற்று நின்று, "நேக்கும் தமிழ்தான் ஓய். நாலு தலைமுறையா இதே ஊர்லே, ஸ்ரீவராகத்துலே கிடக்கறோம். உங்களுக்குத் தெற்கே ஒரு துண்டு பூமி கிடைச்சாலும் கிடைக்கும். நேக்கு எந்தத் துண்டு? இவாளை விட்டா எங்கே போவேன்?" என்றார்.

ராஜையன் காம்பஸ் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நடந்தார்.

ஜூலை முதல் தேதி புதிய ராஜ்யம் பிறந்தது. நகரத்தில் தோரணம், கூட்டம், மோட்டார் வண்டிகள். ராஜையன் கரமனைப் பாலத்தருகே நின்று வேடிக்கை பார்த்தார். இரண்டே வருஷத்தில் தான் பிறந்த மண் மூன்றாவது பெயருக்கு மாறுகிறது. அதில் எந்தப் பெயரையும் தன்னிடம் யாரும் கேட்டு வைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர்கள் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பாகப்பிரிவினைக்கு வருகிறவர்களுக்கு வீட்டுமனை ஸ்கெட்ச் வரைந்து கொடுத்தார். அண்ணன் தம்பிகளுக்குள் கிணற்றை எப்படிப் பிரிப்பது என்ற சண்டைகளைத் தினமும் கேட்டார்.

நவம்பரில் வக்கீல் அருமைநாயகம் மறுபடி வந்தார். இந்த முறை சற்குணம் கூட வரவில்லை. சரசம்மா கொடுத்த காப்பியைக் குடித்து முடிக்கும் வரை வக்கீல் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தார்.

"டெல்லிக்குப் போனவங்க திரும்பிட்டாங்க. நாம அதிகமாக் கேட்கிறோம்னு அங்க சொல்லுறாங்களாம். நெய்யாற்றின்கரை மொத்தத் தாலுகாவா எடுத்தா மலையாளம் பேசுறவங்கதான் கூடுதல். அதையும் சேர்த்துக் கேட்டா ஒண்ணுமே நடக்காது. தோட்டோட நிறுத்திக்கணும்."

"தோட்டுக்கு வடக்க இருக்கிற ஊருவ?"

"ஒன்பது ஊருதானே."

"மாவறத்தலை அதில ஒண்ணு."

"தெரியும். அதனாலதான் ஆள் அனுப்பாம நானே வந்தேன்."

ராஜையன் காலி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார். "எனக்க தம்பிக்க கை இன்னும் நேரா வரல சார்" என்றார்.

"லட்சக்கணக்கான ஜனம் தோட்டுக்குத் தெற்க இருக்கு, ராஜையன். ஒன்பது ஊருக்காக அத்தனை பேரையும் விட்டுரவா? நீங்களே சொல்லுங்க, விட்டுரலாமா? வேற ஆளு இருந்தா உங்ககிட்ட வந்து நிக்க மாட்டேன்."

"கமிட்டியில இதைத் தம்பிகிட்டச் சொன்னியளா?"

"சொல்லுவோம். படம் தயாராகட்டும்."

சரசம்மா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வக்கீல் போனதும், "வரையாதீங்க. அவிய கையாலயே வரைஞ்சுக்கட்டும்" என்றாள்.

ராஜையன் வரைந்தார். முடியாது என்று சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் தோட்டுக்குத் தெற்கே சரசம்மாவின் அக்காள், அவருக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த மிஷன் பள்ளிக்கூடம், அவர் ஞானஸ்நானம் பெற்ற சர்ச், எல்லாம் இருந்தன. ஒரே முற்பகலில் வேலை முடிந்துவிட்டது. கோடு தோட்டின் நடுவே ஓடிற்று. வடக்கே, மாவறத்தலை இருந்த இடத்தில், பெயர் எழுத அவசியம் இருக்கவில்லை. வக்கீல் அனுப்பிய ஆள் படத்தை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லச் சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

கமிட்டி சற்குணத்திடம் சொல்லவில்லை. டிசம்பர் நடுவில் களியக்காவிளைச் சந்தையில் புதிய புத்தகம் ஒன்றை யாரோ அவன் கையில் கொடுத்தார்கள். அதில் அண்ணனின் எழுத்தை அடையாளம் காண அவனுக்கு எந்த அதிகாரியும் தேவைப்படவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவன் வரவில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு மத்தியானம் வரை பார்த்தார்கள். பிறகு ராஜையன் பஸ் ஏறிப் பாறசாலையில் இறங்கி மாவறத்தலைக்கு நடந்தார். சற்குணம் வீட்டு முற்றத்தில் வாழைக்கன்றுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். வளைந்து கூடிய மணிக்கட்டில் மண்வெட்டி கோணலாகத்தான் நின்றது. அண்ணனைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"ஆரா? எந்து வேணம்?" என்று வழிப்போக்கனிடம் கேட்பதுபோல் மலையாளத்தில் கேட்டான்.

"சற்குணம், நான் சொல்லுறத—"

"இவிடெ இனி இது மதி" என்று, இங்கே இனி இந்தப் பாஷை போதும் என்பதை, அதே மலையாளத்தில் சொல்லிவிட்டு மறுபடி குனிந்து மண்ணை வெட்டினான்.

தம்பி மனைவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். ராஜையன் நின்றபடியே குடித்தார். வக்கீல் சொன்னதையெல்லாம் சொல்லலாம். லட்சம் பேர், ஒன்பது ஊர், டெல்லி. சொல்லத் தொடங்கினால் தமிழில்தான் சொல்ல வேண்டியிருக்கும். செம்பை அவளிடம் கொடுத்துவிட்டுப் பாறசாலைக்கு நடந்தார். பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.