கம்பெனி பெயரில் ஒரு டீக்கடை

தேவராஜ மொஹல்லா என்ற பேட்டையில் அந்த டீக்கடையை விட்டு வேகமாக நடந்துகொண்டிருந்தேன். கம்பெனிக்குப் பணம் கட்டி, அதன் பெயரில் கடை நடத்தும் அந்த நரைத்த மனிதர் கொள்ளேகால்காரர். பேசும்போதும் மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சற்று முன் பசியோடு போன எனக்கு டீயும் பன்னும் தந்து, வேலையும் தருவதாகச் சொன்னார். நான் ஊர்ப் பழக்கத்தில் அவர் சாதியைக் கேட்டுவிட்டேன்.

துடைத்த கை நின்றது.

“ஊருல எம்பேர்ல கடை வெச்சேன் தம்பி. நான் போட்ட டீயை ஒருத்தரும் குடிக்கல. இங்க கம்பெனி போர்டு, கம்பெனி கப்பு. யாரும் இதைக் கேக்கல, நீ வர்ற வரைக்கும்.”

அதற்குப் பிறகும், “காலைல வந்துரு” என்றார்.

எந்த முகத்தோடு போவது? மறுநாள் காலை மார்க்கெட்டில் வெங்காய மூட்டை சுமக்கச் சேர்ந்தேன்.