தாமோதரன் ஏலம் போட்ட பிரசிடெண்டு

காசிமேட்டுக் கரையில் மீன் ஏலம் கூறுகிற தாமோதரனுக்குக் கடவுள் நல்ல தொண்டையைக் கொடுத்திருந்தார். மூளையும் கொடுத்துத்தான் இருந்தார்; ஆனால் எப்போதும் தொண்டை முந்திக்கொள்ளும். கட்டுமரம் கரை தட்டியதும் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி அவன் "ஒரு தரம்!" என்று கூவினால், ராயபுரம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கிறவன்கூடத் திரும்பிப் பார்ப்பான் என்பார்கள். அந்த ஏல உரிமைதான் அவனுக்குச் சோறு போட்டது. அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்பவர், ஐந்து குப்பத்துக்கும் பொதுவான மீனவர் சங்கத்தின் பிரசிடெண்டு.

பழைய பிரசிடெண்டு மாசியில் கண்ணை மூடினார். அவர் இடத்துக்கு இரண்டு பேர் முளைத்தார்கள். ஒருவர் திருவொற்றியூர் கிருஷ்ணப்பன். எட்டுக் கட்டுமரம், கழுத்தில் சங்கிலி, சிரித்தால் தங்கப் பல். மற்றவர் காசிமேட்டு வேலப்பன். இரண்டே கட்டுமரம், வாயைத் திறந்தால் ஏதாவது செலவாகிவிடும் என்பதுபோல் இருப்பார். வடக்கே எண்ணூர்ப் பக்கத்துத் தாழங்குப்பத்தில் தொடங்கி நாளுக்கு ஒரு குப்பம் ஓட்டுப் போடுவது என்று ஏற்பாடு, காசிமேடு கடைசி. சிவப்புத் துணி கட்டிய பானை கிருஷ்ணப்பனுக்கு, மஞ்சள் துணி வேலப்பனுக்கு. மறைப்புக்குப் பின்னால் போய் ஒரு சோழியைப் போட்டுவிட்டு வரவேண்டும். அந்தந்த நாள் சாயங்காலமே எண்ணிச் சொல்லிவிடுவார்கள்; ஐந்து குப்பத்துச் சோழியையும் கூட்டினால் யாருக்கு அதிகமோ அவர் பிரசிடெண்டு.

அதுவரை தாமோதரன் இரண்டு பேரிடமும் ஒரே அளவுதான் பல்லைக் காட்டிவந்தான். முதல் நாள் ஓட்டு முடிந்த சாயங்காலம், எண்ணூர் ரயிலில் கரி அள்ளிப் போடும் கஸ்பார் வேலை முடிந்து கள்ளுக்கடைக்கு வந்தான்.

"மாமு! தாழங்குப்பத்துல செவப்புப் பானை ரொம்பி வழியுது! மஞ்சப் பானையில கையவுட்டுத் தேடினுகீறாங்க!"

அவ்வளவுதான். தாமோதரன் பாதிக் கள்ளோடு எழுந்து கரைக்கு ஓடினான். கூடையைக் கவிழ்த்தான், ஏறினான்.

"வாங்க, வாங்க! வேலப்பன் ஏலத்துக்கு வந்துகீறாரு! புடிச்சு ரெண்டு நாளாச்சு, செவுளு வெளுத்துப் போச்சு, வாடை கொஞ்சம் தூக்கலாத்தான் கீது! யாராச்சும் ஒரு காலணா கேளுங்கப்பா! ஒரு தரம்... ரெண்டு தரம்... கேக்க நாதியில்ல! தூக்கிக் காக்காய்க்குப் போடு!"

கரை சிரித்தது. சிரிப்புச் சத்தம் கேட்டால் தாமோதரனுக்கு அதுவே சாராயம். வேலப்பன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெண்சாதி கன்னியம்மா பிடித்துக்கொண்டாள். அவன் கூவுகிற கரையில் மீன் எடுத்து வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் விற்கிறவள் அவள்.

"இன்னாய்யா கூத்து இது? தாழங்குப்பம் கிருஷ்ணப்பன் பொஞ்சாதி பொறந்த ஊரு. மருமவனுக்குப் போடாம வேற எவனுக்குப் போடுவான்? இன்னும் நாலு குப்பம் பாக்கி கீது. வாயைக் கட்டிகினு கிட."

"உனுக்கு இன்னா தெரியும்? மொத செய்தியிலயே காத்து எந்தப் பக்கம்னு தெரிஞ்சுபூடும்."

கரையில் போணிக் கூடையைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். அதை வைத்து அன்றைய மார்க்கெட்டைச் சொல்கிறவனை முட்டாள் என்று திட்டுவது இதே தாமோதரன்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

இரண்டாம் நாள் நெட்டுக்குப்பத்தில் மஞ்சள் பானை ஜெயித்தது. தாமோதரன் பூக்கடைக்கு ஓடினான். ஒரு மாலையை வாங்கிக்கொண்டு வேலப்பன் வீட்டுக்குப் போனான்.

"நைனா, நேத்து நான் கூவுனது... எதிராளி ஏமாறணும்னுதான்."

வேலப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அங்க வை" என்றார். மாலைக்குக் கழுத்தை நீட்டவில்லை, தரையைத்தான் காட்டினார்.

மூன்றாம் நாள் மறுபடி சிவப்பு. தாமோதரன் திருவொற்றியூருக்கு ஓடினான். முந்தின நாள் வேலப்பன் வீட்டுக்குப் போனது வேவு பார்க்க என்று கிருஷ்ணப்பனிடம் சத்தியம் செய்தான். நான்காம் நாள் திருவொற்றியூரும் சிவப்பு. தங்கப் பல் முழுசாகத் தெரிந்தது. "நாளைக்கு நம்ம வூட்டுல பிரியாணி. நீதான் முன்னால நிக்கணும்" என்றார் கிருஷ்ணப்பன். தாமோதரனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த நாள் காசிமேட்டு ஓட்டு. மற்ற நாலு குப்பத்தையும் சேர்த்தால் எவ்வளவு வீடோ, காசிமேட்டில் மட்டும் ஏறக்குறைய அவ்வளவு வீடு. இது தாமோதரனுக்குத் தெரியும். ஐப்பசிப் புயலில் கவிழ்ந்தவர்களைக் கரை சேர்க்க வேலப்பன் ஒற்றைக் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனதும் தெரியும். கரை சேர்ந்தவர்களில் கன்னியம்மாவின் தம்பி ஒருவன். ஆனால் எண்ணூரில் காற்று எப்படி என்று விசாரித்தவன், சொந்த வீட்டு அடுப்படியில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜெயித்த கட்சிக்கு நம் ஒரு சோழி எதற்கு என்று காலையிலேயே பிரியாணிக்குக் கிளம்பிவிட்டான்.

குப்பத்தில் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஒரு ஓட்டு. ஆண் கடலுக்குப் போயிருந்தால் வீட்டுப் பெண் போடலாம். கன்னியம்மா பானையிடம் வந்ததும், சோழி கொடுத்துக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார்:

"உன் வூட்டுக்காரன் எங்கம்மா? அவன் கடலுக்கே போவமாட்டானே?"

"நடுக்கடல்லதான் கீறாரு. எந்தக் கரையில ஒதுங்கறதுன்னு அவருக்கே தெரியாது. நீ சோழியக் குடு."

வரிசை முழுக்கச் சிரித்தது. பெரியவர் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் மஞ்சள் பானையைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. செய்தி திருவொற்றியூருக்குப் போனபோது தாமோதரன் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டிருந்தான். கிருஷ்ணப்பன் வாயை மூடிக்கொண்டார், பல் மறைந்துவிட்டது. இலையை எடு என்று யாரும் சொல்லவில்லை, இவனேதான் எழுந்தான்.

மறுநாள் விடியற்காலையில் எதுவும் நடக்காததுபோல் கூடையைக் கவிழ்த்தான். புதுப் பிரசிடெண்டு வேலப்பன் வந்து பக்கத்தில் நின்றார்.

"நைனா, நம்ம வூட்டு ஓட்டு உனுக்குத்தான் வுழுந்துச்சு. யாரை வேணும்னாலும் கேளு" என்றான் தாமோதரன். முகத்தில் வெட்கம் மருந்துக்கும் இல்லை.

"கேட்டேன்" என்றார் வேலப்பன். "வுழுந்துது. போட்டது யாரு?"

தாமோதரன் கூடைமேல் வைத்த காலை எடுத்தான்.

"உன் வூட்டுக் கஞ்சியில நான் மண்ணைப் போடமாட்டேன். ஏலம் உன் வூட்டுலயே இருக்கட்டும். தலைக்கட்டுன்னு யாரு வந்து நின்னாங்களோ, அவங்க பேருக்கு." மீன் எடுக்க வந்து நின்றவள் பக்கம் திரும்பினார். "கன்னியம்மா, ஏறும்மா."

அவள் ஒரு கணம் புருஷனைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். எந்தத் தெருவில் எந்த வீட்டுக்காரி எந்த மீனுக்கு எவ்வளவு கொடுப்பாள் என்று தெரிந்தவள், நிதானமாக ஏலம் கூறினாள். கத்தவில்லை. வியாபாரிகள் காதைத் தீட்டிக்கொண்டு நெருங்கி வந்தார்கள்.

"அந்தக் கூடையை இப்டி தள்ளுய்யா" என்றாள் கீழே பார்த்து. தாமோதரன் தள்ளினான்.

அன்று வஞ்சிரம் அவன் காலத்தில் ஒருநாளும் போகாத விலைக்குப் போயிற்று. உரிமை போனதைக்கூட அவன் தாங்கிக்கொண்டான். இதைத்தான் தாங்க முடியவில்லை.