ஒரே பெயரில் ஐந்து வீடுகள்

காலை பத்து மணி இருபது நிமிடம், சனிக்கிழமை. நியூ ஜெர்சியில் எங்கள் ஊர் நூலகத்தின் கீழ்த்தளத்தில், மைக்ரோஃபிலிம் இயந்திரத்தின் திரையில் நான் முதலில் பார்த்தது ஒரு பட்டியல், தலைகீழாக. பக்கத்து வீட்டுக்காரர் சுருளைக் கழற்றித் திருப்பி மாட்டினார். அது 1996 மார்ச்.

அவர் மின்சாரக் கம்பெனியில் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா அயர்லாந்தின் மேற்கே ஒரு சிற்றூரிலிருந்து கப்பலேறியவர். ஏப்ரல் கடைசியில் இவர் தன் அக்காவை அழைத்துக்கொண்டு அங்கே போக டிக்கெட் எடுத்திருந்தார். தாத்தா பிறந்த வீடு இருந்த இடத்தில் அக்கா ஒரு முறை நிற்க வேண்டும், அவ்வளவுதான். அக்காவுக்கு எண்பத்தொரு வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டன.

"ஒரு வயல்னா நடப்பா. அஞ்சு வயல் அவளால முடியாது" என்றார்.

அந்த ஐந்துதான் சிக்கல். பழைய நில மதிப்பீட்டுப் பட்டியலில் அந்தச் சிற்றூருக்குப் பதினேழு குடும்பங்கள். பதினொன்றுக்கு அவருடைய குடும்பப் பெயர். அதில் ஐந்து பேருக்கு அவர் தாத்தாவின் அப்பாவுடைய பெயர். ஐந்துக்கும் தனித்தனி மனை எண். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் அடைப்புக்குறிக்குள் இன்னொரு பெயர் இருந்தது. கூட்டுக் குத்தகைக்காரர்கள் என்று முடிவுகட்டி, அவற்றை அவர் தன் நோட்டில் எழுதவே இல்லை. நான் சென்னையில் ஒரு நாளிதழில் பிழை திருத்தியவன் என்பதால், மங்கிய எழுத்துகளைச் சரிபார்க்க என்னை அழைத்திருந்தார். நானும் எழுத்துகளை மட்டும் சரிபார்த்தேன்.

"இந்த ஊர்ல வேற குடும்பப் பேரே கிடைக்கலையா?" என்றேன்.

"யார் பேசறது? உங்க வீட்ல நாலு பேருக்கு மூணு குடும்பப் பேரு. போஸ்ட்மேன் என்கிட்டதான் வந்து கேக்கறான்."

உண்மைதான். எனக்கு என் அப்பா பெயர், மனைவிக்கு அவள் அப்பா பெயர், பிள்ளைகள் இருவருக்கும் என் பெயர். அவர் என்னை ஏழு வருடமாக என் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்.

பன்னிரண்டுக்கு மனைவி வந்தாள், கடைக்குப் போய்விட்டு.

"என்னங்க, கார்ல பால் இருக்கு. இன்னும் எவ்ளோ நேரம்?"

சிக்கலைச் சொன்னேன். குனிந்து திரையைப் பார்த்தாள்.

"அப்பா பேரைப் பின்னாடி போட்டிருக்காங்க. இதுக்கா ரெண்டு மணி நேரம்? ஒரே பேர்ல அஞ்சு பேர் இருந்தா வேற எப்படிக் கூப்பிடறது? என் கிளாஸ்ல என் பேர்ல மூணு பேர். இனிஷியல் சொன்னாதான் அட்டென்டன்ஸ்."

பக்கத்து வீட்டுக்காரரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். தாத்தாவின் அப்பா யார் என்று தெரியும், அவருக்கு அப்பா யார் என்று தெரியாதே என்றார்.

மனைவி நேராக அவரிடமே கேட்டாள். "அங்கிள், உங்க தாத்தாவோட மூத்த அண்ணன் பேர் என்ன? மூத்த பையனுக்கு அப்பாவோட அப்பா பேரைத்தானே வைப்பாங்க?"

"உங்க ஊர்லயுமா?" என்றார் அவர்.

நூலக வாசலில் இருந்த பொதுத் தொலைபேசியிலிருந்து அக்காவை அழைத்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே தங்கிவிட்ட அந்த அண்ணனின் பெயர் அக்காவுக்கு நினைவிருந்தது. திரும்பி வந்து, விரலை மேலிருந்து கீழாக இறக்கினார். மூன்றாம் எண் மனையில் மட்டும் அடைப்புக்குறிக்குள் அந்தப் பெயர் இருந்தது.

"இது நிரூபணம் இல்லை. இதை வைத்து நான் செய்தி போட மாட்டேன்" என்றேன்.

"நீ போட வேண்டாம். அவ நடந்தா போதும்."

பால் கெட்டுப்போகவில்லை. வெளியே அவ்வளவு குளிர்.

நாங்கள் அந்த வீட்டை விட்டு வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்த இயந்திரத்தின் விசிறிச் சத்தமும், விளக்குச் சூட்டில் எழும் பிளாஸ்டிக் வாசனையும் இப்போது நான் போகும் நூலகங்களில் இல்லை. திரையின் வெளிச்சம் அவர் நகத்தின் மேல் விழுந்தது மட்டும் இன்னும் தெளிவாக இருக்கிறது.

அந்த வருடம் மே மாதம் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு புகைப்படம் கொடுத்தார். புல்வெளி, சரிந்த கல் வரிசை, தூரத்தில் ஆடுகள். நடுவே மடக்கு நாற்காலியில் அக்கா, மடியில் கைப்பை, காலில் யாரோ கொடுத்த ரப்பர் பூட்ஸ். பின்பக்கம் பென்சிலில் மூன்று என்று எழுதியிருந்தது.