ஓம் என்றால் நிற்கும் குதிரை

“குதிரை வாங்கப் போறன், வாறீரோ?” என்று ரஞ்சன் அண்ணை கேட்டபோது பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன். ஒஷாவா நகருக்கு வடக்கே அவருக்கு ஒரு மாட்டுப் பண்ணை இருக்கிறது. அங்கே மேய்ச்சல் தரையிலிருந்து மாடுகளைச் சாய்த்துக்கொண்டு வர ஒரு வேலைக் குதிரை வேண்டுமாம். அதற்காகவே போன குளிர்காலம் முழுக்கச் சவாரி பழகியிருக்கிறார். அவருடைய மனைவி வசந்தி அக்கா மட்டும் இதற்கு ஓம் சொல்லவேயில்லை. குதிரையை எப்படித்தான் பார்த்து வாங்குவார்கள் என்று அறியும் ஆசையில், ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை நானும் தொற்றிக்கொண்டேன்.

நாங்கள் இருக்கும் மல்வேர்னிலிருந்து காலை ஏழரைக்குப் புறப்பட்டோம். 401 நெடுஞ்சாலையில் ஒஷாவா தாண்டி, பிறகு வடக்கே திரும்ப வேண்டும். விற்பவரின் பண்ணைக்கு மொத்தம் 130 கிலோமீற்றர். கோப்பிக்கு நின்றதோடு இரண்டு மணித்தியாலம். கடைசி எட்டுக் கிலோமீற்றர் கிறவல் ரோட்டு, சின்னக் கார் என்றால் மெதுவாகப் போங்கள்.

விற்பவர் பெயர் லிண்டா. முழங்கால் வலியால் பண்ணையை மூடுகிறார். மாடுகள் எல்லாம் விற்றாயிற்று. மிஞ்சியது டஸ்டி என்ற பதினொரு வயதுப் பழுப்புக் குதிரை. விலை 6,500 டொலர். இன்று விலைப்படாவிட்டால் திங்கட்கிழமை ஏலம். அங்கே யார் வாங்குவார்கள் என்று கேட்டேன். இறைச்சிக்காரரும் வருவார்கள் என்று சொல்லிவிட்டு அதன் கழுத்தைத் தடவினார். ஏன்தான் கேட்டேனோ என்று ஆகிவிட்டது எனக்கு.

குளம்பு, பல், கால் மூட்டு எல்லாவற்றையும் பார்த்தபின், விற்பவர்தான் முதலில் ஏறி ஓட்டிக் காட்ட வேண்டும். வலியோடும் லிண்டா ஏறினார். குதிரை அருமையாக ஓடியது. பிறகு அண்ணை ஏறினார். அந்த நேரம் பார்த்து வசந்தி அக்காவின் அழைப்பு; காதில் மாட்டியிருந்த கருவியிலேயே பதில் சொல்லிக்கொண்டு போனார்.

“ஓ... பல்லும் பாத்தனான்... ஓ, ஓ.”

குதிரை நாலடி வைக்கும், நிற்கும். தட்டினால் போகும், மறுபடி நிற்கும்.

“இதுக்குக் கால் நோகுது போல கிடக்கு. உந்தக் குதிரையை வாங்கி நான் என்ன செய்யிறது?” என்றார் அண்ணை என்னிடம், அழைப்பை முடித்துக்கொண்டு. லிண்டாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் முகம் வாடிவிட்டது.

“கடைசியா ஒருக்கா ஓட்டுங்கோ அண்ணை, வீடியோ எடுக்கிறன்.”

குதிரை வேகம் பிடித்தது. “எடுக்கிறீரோ?” என்று கேட்டார்.

“ஓம்” என்றேன் வேலியடியிலிருந்து. குதிரை அப்படியே நின்றுவிட்டது.

லிண்டா என் பக்கம் திரும்பி, டஸ்டியை ஏன் நிற்கச் சொன்னாய் என்று கேட்டார். அப்போதுதான் விளங்கியது. இங்கே ஆங்கிலத்தில் குதிரையை நிறுத்தச் சொல்லும் சொல் ‘வோ’. ஓம் என்பதைச் சுருக்கி மனைவிக்கு அண்ணை சொன்ன ஒவ்வொரு ‘ஓ’வுக்கும், கடைசியில் என் ‘ஓம்’முக்கும் அந்தச் சீவன் சொல் தட்டாமல் நின்றிருக்கிறது. விளக்கிச் சொன்னதும் லிண்டா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அண்ணை வாயை மூடிக்கொண்டு மூன்று சுற்று ஓட்டினார். டஸ்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை. அவர் பேரம்கூடப் பேசவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: சப்பாத்து பழையதாக இருக்கட்டும், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். மிருக வைத்தியரின் பரிசோதனைக்கு 400 டொலர், ட்ரெய்லரில் ஏற்றிவர 350 டொலர் தனியாக வேண்டும். முக்கியமாக, குதிரையில் இருக்கும்போது யாருக்கும் ஓம் சொல்லாதீர்கள்.

போன கிழமை அண்ணையின் பண்ணைக்குப் போனேன். டஸ்டி வேலியோரமாக ஓடிவந்துகொண்டிருந்தது. கையில் கரட்டோடு நின்ற வசந்தி அக்கா மெல்ல, “ஓ” என்றார்.

அது நின்றது.