எல்லாமே குளோரைடு

எங்கள் பக்கத்திலிருந்து பிழைக்க மலேசியா போனவர்கள் ஏராளம். அங்கிருந்து படிக்கக் கோவில்பட்டிக்கு வந்தவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். தொண்ணூறுகளின் பிற்பகுதி, எனக்குப் பதினாறு வயது. ஈப்போ பக்கம் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. மகள் மருந்தாளுநர் ஆக வேண்டும், அதுவும் தான் விட்டுவந்த ஊரில் இருந்து படித்து ஆக வேண்டும். கோவில்பட்டியில் பெரியப்பா வீடு இருந்தது. ஒரு பெட்டியும் ஒரு பாஸ்போர்ட்டுமாகப் பிளஸ் ஒன் சேர வந்து இறங்கினேன். வருவதற்கு முன்னால் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். முதல் வருடம் தேறாவிட்டால் திரும்பி வந்து அக்காவோடு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்துவிட வேண்டும். அங்கே வேலை பார்த்துப் பார்த்து அக்காவின் கைகள் தோலுரிந்து கிடந்ததைத் தினமும் பார்த்தவள் நான். எப்பாடுபட்டாவது தேறிவிடுவது என்றுதான் வந்தேன்.

வெளிநாட்டுக் குடிமகள் என்பதால் வருடாவருடம் தூத்துக்குடிக்குப் போய், தங்குவதற்கு அனுமதியை நீட்டித்து வாங்க வேண்டும். அதற்கு, இந்தப் பெண் ஒழுங்காகப் படிக்கிறாள் என்று பள்ளிக்கூடம் கடிதம் தர வேண்டும். மற்ற பிள்ளைகள் பெயிலானால் வீட்டில் அடி விழும், எனக்கு நாடுகடத்தல். இதைச் சொல்லிச் சொல்லியே வகுப்பில் கொஞ்சம் மதிப்புத் தேடிக்கொண்டேன். மலேசியத் தமிழில் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு ‘லா’ ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கே கேலி செய்வார்களோ என்று பயந்தேன். இந்த ஊரிலும் ஆளுக்கு ஆள் ‘இருக்குல்லா, வந்துச்சுல்லா’ என்று பேசியதில் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

பெரியம்மா வீட்டில் குடங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தன. பித்தளைக் குடங்கள் நல்ல தண்ணிக்கு, பிளாஸ்டிக் குடங்கள் உப்புத் தண்ணிக்கு. உப்புத் தண்ணி போரில் எப்போது அடித்தாலும் வரும். நல்ல தண்ணி தெருக்குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறை வரும், சில சமயம் அதையும் மறந்துவிடும். வந்த புதிதில், உதவி செய்கிறேன் பேர்வழி என்று பிளாஸ்டிக் குடத்துத் தண்ணீரைப் பருப்புச் சட்டியில் ஊற்றிவிட்டேன். பெரியம்மா சிரித்துக்கொண்டே அதைக் கீழே கொட்டினாள்.

“இதுல பருப்பு வேவாது தாயி. நாளைக்கு வரைக்கும் கொதிச்சாலும் கல்லாத்தான் கெடக்கும்.”

அதை அடுப்படி விவகாரம் என்று எடுத்துக்கொண்டேன். படிக்கிற பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை.

வேதியியல் சோதனைக்கூடத்தில் எனக்குத் தனி மரியாதை. மற்றவர்கள் மேசைக்கு நான்கு பேர் நின்றார்கள். வெளிநாட்டுப் பிள்ளை என்று கெமிஸ்ட்ரி சார் கடைசி மேசையை எனக்கு மட்டும் கொடுத்தார். அந்த ஒரு மேசையில்தான் குழாயும் இருந்தது. வாரத்துக்கு ஒரு நாள் ஆளுக்கொரு பொட்டலம் தருவார். உள்ளே வெள்ளையாக ஒரு தூள் இருக்கும். அதைத் தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு மருந்தாகச் சேர்த்து, அது குளோரைடா, சல்பேட்டா, நைட்ரேட்டா என்று கண்டுபிடிக்க வேண்டும். சில்வர் நைட்ரேட் விட்டதும் தயிர்போல வெள்ளையாகத் திரண்டால் குளோரைடு. அதை உறுதிசெய்யும் அடுத்த சோதனைக்கு வேண்டிய அடர் அமிலத்தைப் பதினோராம் வகுப்பார் கையில் கொடுக்கமாட்டார்கள் என்பதால், எங்களுக்கு இந்த வெள்ளை ஒன்றுதான் சாட்சி. அந்தச் சில்வர் நைட்ரேட்டையும் சார் கோயில் தீர்த்தம் மாதிரி எண்ணித்தான் விடுவார்.

முதல் வாரம் எனக்குக் குளோரைடு வந்தது. சார் பதிவேட்டைப் பார்த்துத் தப்பு என்றார். அடுத்த வாரமும் குளோரைடு, தப்பு. மூன்றாம் வாரம் குழாயை நன்றாகத் திறந்துவிட்டு, சோதனைக் குழாயை ஐந்து தடவை கழுவி, பார்த்துப் பார்த்துச் செய்தேன். முன்னைவிட அழகாக வெள்ளை திரண்டது. அதுவும் தப்பு.

“மலேசியாவுல எல்லாமே குளோரைடுதானாட்டி?” என்றார் சார்.

அன்றிலிருந்து வகுப்பில் என் பெயரே குளோரைடு ஆகிவிட்டது. பெரியப்பா மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் எடை போடுகிறவர், நாள் முழுக்கத் தும்மிவிட்டு வீட்டுக்கு வருவார். அவரும் வாசலிலேயே “குளோரைடு வந்தாச்சா?” என்று கேட்க ஆரம்பித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் அக்காவின் கைகள் வந்து வந்து போயின. வருடம் முடியப்போகிற நேரத்தில் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஆண்டுச் செய்முறைத் தேர்விலும் உப்பைத் தப்பாகச் சொன்னால், ஒழுங்காகப் படிக்கிறாள் என்று தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை, வருத்தமாகச் சொன்னார்.

தேர்வுக்கு முந்தின வாரம் முத்துமாரி இடுக்கி கேட்டு என் மேசைக்கு வந்தாள். விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். வீட்டில் ஆடுகள் நிறைய. நான் குழாயைத் திறந்து பொடியைக் கரைப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏட்டி, இதுலயா கரைக்க?”

“தண்ணியிலதானே கரைக்கச் சொன்னாங்க.”

“இது போர்த் தண்ணில்லா. இதுலதான் உப்பு ஏற்கெனவே கெடக்கே. எங்க ஆடே இதக் குடிக்காது.”

மற்ற பிள்ளைகள் எல்லாரும் பாட்டிலோடு வருவதைப் பார்த்திருக்கிறேன். தாகத்துக்கு என்று நினைத்திருந்தேன். முத்துமாரி ஊருணித் தண்ணீர் கொண்டுவருவாள், சிலர் மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்து கொண்டுவருவார்கள். சோதனைக்கென்று காய்ச்சி வடித்த நீர் பிளஸ் டூ பரீட்சைக்காக அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. பொடியைக் குழாய்த் தண்ணீரில் கரைக்கக் கூடாது என்று எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டேன். “இதையெல்லாமாட்டி சொல்லுவாக?” என்றாள். நெருப்பில் கையை வைக்காதே என்று பதினாறு வயதுப் பெண்ணிடம் யாராவது சொல்வார்களா, அப்படித்தான் அவர்களுக்கு இருந்திருக்கிறது. இத்தனை நாளும் நான் பொட்டலத்தை விட்டுவிட்டுக் கரிசல் பூமியின் நிலத்தடி நீரைச் சோதித்துக்கொண்டிருந்தேன், அதுவும் வாரம் தவறாமல் சரியாக.

சனிக்கிழமை காலையில் தேர்வு. கிளம்பும்போதுதான், ஒரு பாட்டில் நல்ல தண்ணி வேண்டும் என்று பெரியம்மாவிடம் சாவகாசமாகச் சொன்னேன். தெருக்குழாயில் தண்ணி வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பெரியம்மா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு பித்தளைக் குடத்தை நன்றாகச் சாய்த்து, துணியில் வடிகட்டி, பாட்டில் நிறையத் தந்தாள்.

“வீணாக்கிராத தாயி” என்றாள். பரீட்சையைச் சொல்கிறாள் என்று நினைத்து, “வீணாக்கமாட்டேன் பெரியம்மா” என்றேன்.

பதினேழு என்று எழுதிய பொட்டலம் எனக்கு வந்தது. ஆறு சொட்டு சில்வர் நைட்ரேட் தந்தார்கள். பெரியம்மாவின் தண்ணீரில் கழுவி, பெரியம்மாவின் தண்ணீரில் கரைத்து, மூன்று சொட்டு விட்டேன். வெள்ளை வெளேரென்று திரண்டு நின்றது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுபடியும் குளோரைடு என்று எந்த முகத்தோடு எழுதுவது? பக்கத்து மேசையில் சல்பேட் என்று கிசுகிசுத்தார்கள், அதையே எழுதிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பெரியம்மா ஏமாற்றிவிட்டாள். நல்ல தண்ணி என்று சொல்லி, பாதிக்கு உப்புத் தண்ணியைக் கலந்து கொடுத்துவிட்டாள். பன்னிரண்டு நாள் ஆகிவிட்டதே, ஒரு முழுப் பாட்டிலுக்கு அவள் எங்கே போவாள்? கோபத்தில் இன்னொரு சோதனைக் குழாயை எடுத்து, பொடி எதுவும் போடாமல் வெறும் தண்ணீரை ஊற்றி, மிச்சம் இருந்த மூன்று சொட்டையும் அதில் விட்டேன்.

ஒன்றும் ஆகவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு துளி மங்கல்கூட இல்லை.

அப்படியானால் அந்த வெள்ளை பொடியிலிருந்துதான் வந்திருக்கிறது. குளோரைடு என்று எழுதினேன். சார் தாளைப் பார்த்ததும், “பாடுனதையே பாடுதியேட்டி” என்று தலையில் அடித்துக்கொண்டு பதிவேட்டைப் புரட்டினார். பதினேழுக்கு நேரே பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பதிவேட்டைப் பார்த்தார். வெறும் தண்ணீரைத் தனியாகச் சோதித்த கதையைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். “நா யாருக்கும் சொல்லிக்குடுக்கலயே அத” என்று முழு மதிப்பெண்ணும் போட்டு, கடிதத்திலும் அப்போதே கையெழுத்திட்டார். முத்துமாரி என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். மீதித் தண்ணீரை, இனி எதற்கு என்று நானே தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டில் உட்கார்ந்ததும் எல்லாக் கதையையும் கொட்டினேன். பெரியம்மாவைச் சந்தேகப்பட்டதையும் விடவில்லை, அதுதான் கதையிலேயே நல்ல இடம் என்று எனக்கு எண்ணம்.

“நாந் தந்த தண்ணியச் சோதிச்சியா?” என்றாள்.

“ஆமா பெரியம்மா. சுத்தமா இருந்துச்சுலா” என்று நற்சான்று கொடுத்தேன்.

அவள் சிரித்தாள். குடிக்கத் தண்ணீருக்குப் பதில் ஆளுக்கொரு செம்பு மோர் வைத்தாள். நான் பாஸானதற்காக என்று சந்தோஷப்பட்டேன். பருப்புதான் பல்லில் கடுக்முடுக்கென்று கடிபட்டது. பெரியப்பா அதை மென்று விழுங்கிவிட்டு, “இன்னைக்குப் பருப்பு நல்லாருக்கே” என்று இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார்.

அன்று சாயங்காலமே அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். உப்பைச் சரியாகச் சொல்லிவிட்டேன், தொழிற்சாலைக்கு வரமாட்டேன் என்று எழுதினேன். பெரியம்மாவுக்கு வரவர சமையலில் கவனம் இல்லை, இன்று பருப்பு வேகவே இல்லை, பெரியப்பாவுக்கோ நாக்கில் ருசியே தெரியாது என்றும் எழுதினேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அப்பா என்னைப் புகழ்ந்து இரண்டு பக்கம் எழுதியிருந்தார். கடைசியில் தனியாக ஒரு வரி இருந்தது. ‘பருப்பு ஏன் வேகவில்லை என்று பெரியம்மாவிடம் கேட்டுவிடாதே.’

பெரியவர்களின் சமையலில் குறை சொல்லக் கூடாது என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அப்பா சொன்னபடியே கேட்காமலும் இருந்துவிட்டேன்.