சுகந்தி அக்காவின் கண்கள் ஏன் சிவந்தன

சுகந்தி அக்கா இறந்த செய்தி மதிய இடைவேளையில் வந்தது. தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் இருந்தேன். அழைத்தவர் அவருடைய கணவர் தேவன் அண்ணை. "சுகந்தி போயிட்டா, தம்பி," என்றார். பிறகு, "நினைவு மலருக்கு நீர்தான் எழுதவேணும் எண்டு அவவே சொல்லிப்போட்டுப் போனவ," என்றார். ஏன் நான் என்று கேட்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

வேலை முடிவதற்குள் கைபேசி அஞ்சலிகளால் நிறைந்துவிட்டது. 'பயம் என்பதையே அறியாதவர்', 'வீரத் தமிழ்ப் பெண்'. கை கூசாமல் எழுதியிருக்கிறீர்கள். ஜெர்மனியின் ஹம் நகரத்தில் ஆறு ஆண்டுகளாக அவரைக் 'கரடி அக்கா' என்று கூப்பிட்டுச் சிரித்த அதே ஆட்கள்தான் நீங்கள். உங்களைத் திட்ட எனக்குத் தகுதியில்லை. சிரிப்பை ஆரம்பித்து வைத்தவன் நான். ஆனாலும் திட்டுகிறேன்.

அக்கா பயப்பட்டார். அதை முதலில் எழுதவேண்டும். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்த அவருக்கு, எது எப்போது ஆபத்தாகும் என்று தெரியும். மீன்பிடி அனுமதிக்கான பரீட்சையை எங்களில் முதலில் எழுதித் தேறியவரும் அவர்தான். ஒவ்வொரு ஓகஸ்ட் மாதமும் அவர், தேவன் அண்ணை, நான், என் மச்சான் சிவா நால்வரும் ஸ்லோவாக்கியா மலைகளுக்குக் காரில் மீன்பிடிக்கப் போவோம். அங்கே கரடி உண்டு. அதனால் மிளகாய்க் காரத்தைப் புகைபோலப் பீய்ச்சியடிக்கும் கரடி ஸ்பிரே ஆளுக்கொன்று வாங்கித் தந்திருந்தார். காரை விட்டு இறங்கியதும் எங்கள் இடுப்பைத்தான் பார்ப்பார். "பையுக்குள்ள கிடந்தா அது சாமான். இடுப்பில கிடந்தாத்தான் காவல்," என்பார்.

"ஏனக்கா, கரடிக்கும் மிளகாய்த்தூள் போட்டுக் கறி வைக்கப்போறியளோ?" என்று நான் கேட்பேன். எல்லாரும் சிரிப்போம். அவர் திரும்பிப் போனதும் ஸ்பிரே செருகிய இடுப்பு உறையைக் கழற்றிக் காருக்குள் எறிந்துவிடுவோம். தொப்பைக்கு மேல் அது குத்துகிறதாம், படத்தில் வடிவாக இல்லையாம்.

அன்றைக்கும் அப்படித்தான். தேவன் அண்ணை இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கக் கிராமத்துக்குப் போயிருந்தார். மீனைக் கூடாரத்துக்கு அருகில் வெட்டவேண்டாம், குடலை அங்கே போடவேண்டாம் என்று அக்கா காலையிலேயே சொல்லியிருந்தார். எங்களுக்குப் பசி. கூடாரத்துக்கு முன்னாலேயே வெட்டி, குடலைப் பக்கத்துப் பற்றைப் புதருக்குள் எறிந்து, பொரிக்கவும் தொடங்கிவிட்டோம். பின்னேரம் நாலு மணியிருக்கும். பற்றைக்குள்ளிருந்து கரடி வந்தது.

நான் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். சிவா எனக்குப் பின்னால் ஓடினான். "ஓடாதேங்கோ! நில்லுங்கோ!" என்று அக்கா கத்தினார். நான் கல் தடக்கி விழுந்தேன். திரும்பிப் பார்த்தபோது எனக்கும் கரடிக்கும் நடுவில் அக்கா நின்றார். ஸ்பிரேயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். "போ ராசா, போ," என்றார், இல்லத்துக் கிழவர்களோடு பேசும் அதே குரலில். அது போகவில்லை. பாய்ந்து வந்ததும் ஸ்பிரேயை அடித்தார். கரடி தலையை உதறிக்கொண்டு காட்டுக்குள் திரும்பி ஓடியது. எதிர்க்காற்றில் பாதிக் காரம் அக்காவின் முகத்திலேயே வந்து விழுந்தது. இரண்டு நாள் கண்கள் வீங்கிச் சிவந்து நீராக ஓடின.

அந்தக் கண்களைத்தான் நான் படம் பிடித்தேன். 'கரடியைக் கண்டு அழுத அக்கா' என்று எழுதி எல்லாருக்கும் அனுப்பினேன். என் கதையில் நானும் சிவாவும் சட்டியைத் தட்டிக் கரடியைத் துரத்தினோமாம். கலியாண வீடுகளிலும் கோயில் மண்டபத்திலும் கதையைக் கூட்டிக் கூட்டிச் சொன்னேன். தேவன் அண்ணை உண்மையைச் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் அக்காதான் மறித்தார். "விடுங்கோ. ஓடினவையே சொல்லட்டும்."

கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது மன்னிப்புக் கேட்டேன். அறையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் கேட்டேன், அவ்வளவு கெட்டிக்காரன். "சபையில பொய் சொன்னனீர். சபையில நீரே திருத்தும்," என்றார் அக்கா. ஓம், சொல்லுறன் என்றேன். அடுத்த ஞாயிறு ஒரு பிறந்தநாள் விழா இருந்தது, நிறையச் சனம் வந்திருந்தது. சொல்லலாம் என்று எழும்பினேன். ஒருவர் கரடிக் கதை கேட்டார். பழைய கதையையே சொன்னேன்.

அதற்குப் பிறகு அக்கா ஒன்பது நாள்தான் இருந்தார்.

அவருடைய இடுப்பு உறையைத் தேவன் அண்ணை என்னிடம் தந்திருக்கிறார். தோல் தேய்ந்துபோயிருக்கிறது. அதைக் கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தொப்பைக்கு மேல் குத்துகிறது, குத்தட்டும். என்னிடம் இருக்கிற அந்தப் படம் உங்கள் கைபேசியிலும் இருக்கும். அழிக்கவேண்டாம். கீழே இருக்கிற என் வரியை மட்டும் அழித்துவிட்டு, இதை எழுதுங்கள்: படம் எடுத்தவன் ஓடினான், இவர் நின்றார்.

சபையில் சொல்லிவிட்டேன், அக்கா. நீங்கள் இல்லாத சபையில்.